எட்டு வோல்ட்

சாமல்பட்டி
12-6-1988

அன்புள்ள ராஜப்பனுக்கு,

அக்கா எழுதுவது. நீயும் சாந்தம்மாவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சாந்தம்மாவின் முதுகுவலி குறைந்ததா? எனக்கு ஒன்றுமில்லை. அப்பா விஷயமாகத்தான் இந்தக் கடிதம்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இடது கையும் காலும் அசையவில்லை. பேச்சு குழறுகிறது, கூடவே இருந்தால் புரிந்துவிடும். சில நேரம் ஆள் தெரிகிறது, சில நேரம் தெரிவதில்லை. ஒரு நாள் என்னை நர்ஸ் என்றார். மறுநாள் என் பெயரைச் சொல்லி, ஸ்கூலுக்கு நேரமாகவில்லையா என்று கேட்டார். இன்னொரு முறை இப்படி வந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் ஊத்தங்கரைக்குப் பள்ளிக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் வந்து பார்த்துக்கொள்கிறாள்.

ஸ்டேஷனில் வண்டி வரும் சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் திருப்புகிறார். முப்பத்தொரு வருடம் அங்கேயே பாயிண்ட்ஸ்மேனாகக் கொடி பிடித்தவர். கட்டிலிலிருந்து பார்த்தால் இப்போது சுவர்தான் தெரிகிறது.

இருபத்திரண்டு வருடமாக நான்தான் லீவுக்கு லீவு ஓசூருக்கு வந்து உன்னைப் பார்க்கிறேன். நீ ஏன் வருவதில்லை என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. அவருக்கு ஆள் தெரிகிறபோதே ஒரு தடவை வந்துவிட்டுப் போ.

உன் பதிலை எதிர்பார்க்கும்
அக்கா ஜெயமணி

*

ஓசூர்
3-7-1988

அன்புள்ள அக்காவுக்கு,

ராஜப்பன் வணக்கம். உன் கடிதம் கிடைத்துப் பதினைந்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. இங்கே எல்லோரும் நலம். முதுகுவலிக்குச் சூளகிரியில் ஒருவர் எண்ணெய் கொடுத்தார், சாந்தம்மா அதைத் தேய்த்துக்கொண்டு வீடு முழுக்க வாசனை.

கம்பெனியில் புதிதாக இரண்டு ஜெர்மன் மெஷின் இறக்கியிருக்கிறார்கள். மெயின்டெனன்ஸில் நாங்கள் நாலு பேர்தான், ஷிஃப்ட் மாற்ற ஆளில்லை. அதனால் வர முடியவில்லை. பதிலுக்குச் சாந்தம்மா கையில் ஒன்று கொடுத்தனுப்புகிறேன்.

மெஷினைப் பொருத்த வந்த ஜெர்மன் இன்ஜினீயர் ஊருக்குத் திரும்பும்போது எனக்கு ஒரு ரயில் வண்டி கொடுத்தார். இன்ஜின் என் சுண்டுவிரல் நீளம். தண்டவாளத்தின் அகலம் ஆறரை மில்லிமீட்டர். மூன்று பெட்டி. ஒரு மணைப் பலகை அளவு பிளைவுட்டில் தண்டவாளத்தை வட்டமாகப் பதித்திருக்கிறேன். அப்பா மடிக்குக் குறுக்கே வைத்தால் சரியாக இருக்கும்.

இதற்கு எட்டு வோல்ட் போதும். அதற்கு மேல் போனால் இன்ஜினுக்குள் இருக்கும் மோட்டார் கருகிவிடும். பெரிய பேட்டரி கட்டை ஐந்து ஒன்றன்பின் ஒன்றாக வைக்க ஒரு மரப்பெட்டி செய்து, சுவிட்சும் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகும் வைத்திருக்கிறேன். தண்டவாளத்தை அப்பா கையால் தொட்டாலும் ஒன்றும் ஆகாது, ஈரக் கையாக இருந்தாலும் ஆகாது.

ஒன்று மட்டும் கேள். வீட்டுக் கரண்டை இதன் பக்கத்தில் கொண்டுவராதே. யார் என்ன சொன்னாலும் கொண்டுவராதே. பேட்டரி கட்டைதான். அப்பா படுத்திருப்பது இரும்புக் கட்டில்.

அவர் என்ன சொன்னார் என்று எழுது.

தம்பி
ராஜப்பன்

*

சாமல்பட்டி
21-7-1988

அன்புள்ள ராஜப்பனுக்கு,

நீங்கள் எல்லோரும் நலம் என்று சாந்தம்மா நேரில் சொல்லிவிட்டாள், ஆகவே விசாரிக்க ஒன்றுமில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருடம் கழித்து முதல்முறையாக மருமகள் இந்த வீட்டுக்குள் வந்திருக்கிறாள், அதுவும் கையில் ஒரு மணைப் பலகையோடு. அப்பா அவளைப் பார்த்து, "நீ யாரு பொண்ணு?" என்றார். அவள் கொஞ்சமும் யோசிக்காமல், "சூளகிரி ராமப்பன் பொண்ணு, உங்க மருமவ" என்றாள். "அப்படியா, சாப்பிட்டியா?" என்று கேட்டார். இரண்டு நாள் அவள் தெலுங்கும் தமிழும் கலந்து பேச, அவர் குழறிப் பேச, எனக்குப் புரியாததெல்லாம் அவர்கள் இருவருக்கும் புரிந்தது.

வண்டியை அவர் மடியில் வைத்து ஓட்டிக் காட்டினோம். முதல் சுற்றைக் கண்ணால் தொடர்ந்தார். இரண்டாவது சுற்றில் வலது கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "கார்டு பொட்டி எங்க? வழியில கழண்டு நின்னுபோச்சா?" என்று கேட்டார். கடைசிப் பெட்டி இல்லாமல் ஒரு வண்டி ஸ்டேஷனைத் தாண்டினால் பாயிண்ட்ஸ்மேனுக்கு வேலை போய்விடுமாம். அதற்கப்புறம் ஓட்டவே விடவில்லை. ஜெர்மன்காரர்களிடம் கார்டு பெட்டி கிடையாது என்று சாந்தம்மா சமாதானம் சொன்னாள். "அதான் சண்டையில தோத்தாங்க" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு நாங்கள் சிரித்தது அன்றுதான்.

இன்னொரு விஷயம். சாந்தம்மா போனபிறகு கட்டைகளைத் துடைத்து மறுபடி மாட்டினேன். இப்போது வண்டி பின்பக்கமாகவே ஓடுகிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ வந்து பார்த்தால்தான் சரியாகும் என்று தோன்றுகிறது.

அக்கா
ஜெயமணி

*

ஓசூர்
31-7-1988

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலத்தையும் அப்பா நலத்தையும் தெரிந்துகொள்ள ஆசை.

வண்டி பின்பக்கமாக ஓடினால் பேட்டரிப் பெட்டியிலிருந்து வரும் இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பொருத்த வேண்டும். அவ்வளவுதான். சேலத்துக்கு ரயிலில் போய்வந்து மூன்று வருடம் பிசிக்ஸ் படித்து, இருபது வருடமாக அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒருத்திக்கு இது புரியவில்லை என்றால் நான் நம்ப வேண்டுமா? அடுத்த தடவை வேறு ஏதாவது நல்ல பழுதாகச் சொல்.

கார்டு பெட்டி செய்துவிட்டேன். கம்பெனியில் வீணாகப் போன பித்தளைத் தகட்டை வெட்டி, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நாலு நாள் பற்றவைத்தேன். சக்கரம் மூன்றாவது பெட்டியிலிருந்து எடுத்தது, ஆகவே இனி உங்களுக்கு இரண்டு பெட்டியும் ஒரு கார்டு பெட்டியும். தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பின்னால் விளக்குக்குப் பதிலாக ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன். அவர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

யார் செய்தது என்று கேட்டாரா என்று எழுது. கேட்காவிட்டால் நீயாகச் சொல்ல வேண்டாம்.

தம்பி
ராஜப்பன்

*

சாமல்பட்டி
28-8-1988

அன்புள்ள ராஜப்பனுக்கு,

இங்கே மழை இல்லை, புழுக்கம். அப்பாவுக்கு முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்கிறோம். மற்றபடி நாங்கள் சுகம், உங்கள் சுகத்துக்கு எழுது.

சரி, நீ பிடித்துவிட்டாய். வயர் விஷயம் எனக்குத் தெரியும்.

கார்டு பெட்டியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவப்புப் புள்ளியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார், சொன்னேன். வண்டியை ஓட்டச் சொல்லவில்லை. அதைக் கைக்குள் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டார். எழுப்பி வாங்க எனக்கு மனமில்லை.

இப்போதெல்லாம் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் வண்டி ஓடுகிறது. ஓடும் நேரம் அவர் பேச்சு தெளிவாக இருப்பதைக் கவனித்தேன். கட்டைகள்தான் ஒரு வாரத்துக்குமேல் தாங்குவதில்லை. போன வாரம் வாங்கியவை இரண்டு நாளில் நீர் கசிந்து பெட்டியெல்லாம் உப்புப் பூத்துவிட்டது. கட்டை தீர்ந்த நாளில் சாப்பிட மறுக்கிறார். இங்கே மைக்செட் வைத்திருக்கும் கங்கப்பன், வீட்டுக் கரண்டிலிருந்தே எட்டு வோல்ட் வருகிற மாதிரி ஒரு டிரான்ஸ்பார்மர் செய்து தருகிறேன் என்கிறார். நீ வேண்டாம் என்றது நினைவிருக்கிறது. அதனால்தான் கேட்டு எழுதுகிறேன். உடனே பதில் போடு.

நான் முதல் கடிதத்தில் கேட்க மாட்டேன் என்று எழுதினேன். இப்போது கேட்கிறேன். ஏன் வருவதில்லை?

அக்கா
ஜெயமணி

*

சாமல்பட்டி
29-9-1988

அன்புள்ள ராஜப்பனுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு தபால் கார்டுகூட இல்லை. உடம்புக்கு ஏதாவதா? நான் கேட்டது தவறென்றால் அதை மறந்துவிடு. ஆனால் கடிதம் போடாமல் இருக்காதே.

கட்டை கிடைக்காமல் மூன்று நாள் வண்டி நின்றது. மூன்று நாளும் கஞ்சியை வாயில் வைத்துக்கொண்டு துப்பினார். இனிப் பொறுக்க முடியாது என்று கங்கப்பனை வரச்சொன்னேன். பழுதான ஸ்டெபிலைசர் ஒன்றைப் பிரித்து, அதன் டிரான்ஸ்பார்மரிலிருந்தே எட்டு வோல்ட்டுக்கு ஒரு முனை இழுத்து, நாலு டயோடு போட்டு, சின்னத் தகரப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை மாட்டினோம்.

நீ பயப்பட வேண்டாம். பள்ளி லேபிலிருந்து வோல்ட்மீட்டரைக் கொண்டுவந்து இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே நானே வைத்துப் பார்த்தேன். எட்டு வோல்ட், முள் இம்மியும் அசையவில்லை. பிளக்கைக் கழற்ற வேண்டாம், சுவிட்சை மட்டும் போட்டு அணை என்று ஜோதியம்மாளிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது அப்பாவைக் கட்டிலில் உட்காரவைத்துக் காலைத் தரையில் ஊன்றச் சொல்கிறோம், டாக்டர் சொன்ன பயிற்சி. அப்படி உட்கார்ந்து வண்டியைப் பார்க்கிறார். தடம் புரண்டால் தானே வலது கையால் எடுத்துத் தண்டவாளத்தில் வைக்கிறார். நீ பார்க்க வேண்டும்.

எல்லோருக்கும் என் அன்பு.

அக்கா
ஜெயமணி

*

ஓசூர்
30-9-1988

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் ஆகஸ்ட் கடிதத்துக்கு மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன். இது நாலாவது. இதை அனுப்பிவிடுவேன்.

டிரான்ஸ்பார்மர் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதும் நான் ஏன் வருவதில்லை என்பதும் ஒன்றுதான். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது நம் வீட்டில் கரண்ட் இல்லை. பக்கத்து வயல் மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரே ஒரு வயர் இழுத்தேன். ஐ.டி.ஐ. சேர்ந்து ஒரு வருடம், எல்லாம் தெரியும் என்று நினைப்பு. இரண்டாவது வயருக்குப் பதிலாகப் பின்சுவர் ஓரம் மண்ணில் ஒரு இரும்புக் கம்பியை அடித்து எர்த் கொடுத்தேன். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் விளக்கு எரித்தார்கள். மண் காய்ந்தால் விளக்கு மங்கும். கம்பியடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் பளிச்சென்று எரியும். சாயங்காலமானால் அம்மா ஊற்றுவாள். லைட்டுக்குத் தாகம் எடுக்குது என்பாள். ஏப்ரல் மாதம், மண் பொடியாக இருந்தது, கரண்ட் மண்ணில் இறங்காமல் கம்பியிலேயே நின்றது. அன்று குடத்தைச் சாய்க்கும்போது கம்பியில் அவள் கை பட்டது.

காரியம் முடியும்வரை அப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் இருந்திருப்பேன். பதினேழாம் நாள் பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போனேன். அப்பா டியூட்டியில் இருந்தார். நான் வண்டி ஏறுவதைப் பார்த்தார். வண்டி நகர்ந்ததும் பிளாட்பாரத்தில் நின்று பச்சைக்கொடி காட்டினார். அது அவர் வேலை, யார் போனாலும் காட்டியிருப்பார். ஆனால் அது எனக்குக் காட்டியதாகவே இன்றுவரை என் மனதில் இருக்கிறது.

அந்த வீட்டுக்குள் என்னால் இன்னொரு வயர் வரக் கூடாது. கட்டைகளை நானே வாரம் பத்து அனுப்புகிறேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். அப்பா எப்படி இருக்கிறார் என்று மட்டும் எழுது.

தம்பி
ராஜப்பன்

*

தந்தி
ஓசூர், 3-10-1988

டிரான்ஸ்பார்மர் கழற்று அப்பா தொடக்கூடாது புறப்பட்டேன் ராஜப்பன்

*

சாமல்பட்டி
9-10-1988

அன்புள்ள ராஜப்பனுக்கு,

திங்கட்கிழமை கடைசி பஸ்ஸில் நீ சாப்பிடாமல்கூடப் போனாய். சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? அப்பா நன்றாக இருக்கிறார். உன் கட்டைகளில்தான் வண்டி ஓடுகிறது. நீ தகரப் பெட்டியின் வயரை வெட்டிப் போட்டதைக் கேட்டுக் கங்கப்பன் வந்தார். வோல்ட் கம்மிதானே டீச்சர் என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்றேன்.

உன் தந்தி இங்கே செய்ததை நீ முழுதும் கேட்கவில்லை. தந்தியைக் கண்டதுமே, படிக்கும் முன்பே, ஜோதியம்மாள் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். உள்ளேயிருந்து அப்பா, "யாரு போனது?" என்று கேட்டிருக்கிறார். "தெரியலீங்க மாமா, இருங்க, படிக்கச் சொல்றேன்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். இங்கிலீஷ் எழுத்தில் இருந்த தமிழைத் தந்திக்காரர் தட்டுத்தடுமாறிப் படித்தார். டிரான்ஸ்பார்மர் என்றால் இவர்களுக்குத் தெருமுனைக் கம்பத்தில் இருப்பதுதான். அதை யார் போய்க் கழற்றுவது என்று பேச்சு நடந்தது. அடுத்ததை அவர் 'அப்பாவைத் தொடக்கூடாது' என்று படித்துவிட்டார். அது எல்லோருக்கும் புரிந்தது. ஏதோ தொத்து வியாதி, ஓசூரில் பெரிய டாக்டரைக் கேட்டு மகன் சொல்லியிருக்கிறான். இரண்டு மணி நேரம் அவர் பக்கத்தில் யாரும் போகவில்லை. வண்டியைப் போடு என்று அவர் கேட்டும் சுவிட்சைக்கூடத் தொடவில்லை.

நான் பஸ் இறங்கி வரும்போது ஜோதியம்மாள் வாசலில் உன்னையே மறித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தந்தி கொடுத்ததே நான்தான் என்று நீ சொல்ல, "அப்ப நீங்க மட்டும் எப்படித் தொடுவீங்க?" என்று அவள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

நீ செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்பாவைப் பார்க்காமல் நேராகப் போய் பிளக்கைப் பிடுங்கினாய். பலகையை அவர் மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்து, மறுபடி பிளக்கைச் செருகித் தண்டவாளத்தில் டெஸ்டரை வைத்தாய். டெஸ்டர் எரியவில்லை. பார்த்தாயா என்று நான்தான் சொன்னேன். நீ பிளக்கை உருவி, தலைகீழாகத் திருப்பிச் செருகினாய். டெஸ்டருக்குள் சிவப்பாக எரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய்.

ஸ்டெபிலைசருக்குள் ஒரே சுருள். வீட்டுக் கரண்ட்டும் வண்டியின் கரண்ட்டும் அதில் பிரியவே இல்லை. தண்டவாளங்களுக்கு நடுவே எட்டு, தண்டவாளத்துக்கும் அவர் கால் ஊன்றிய தரைக்கும் நடுவே இருநூற்றிருபது. நான் எட்டை மட்டும் அளந்தேன். நீ வந்ததற்கு முந்திய நாள் ஞாயிற்றுக்கிழமை, என் புடவையை இஸ்திரி போட அந்த பிளக்கைக் கழற்றப் போனேன். கரண்ட் போய்விட்டதால் விட்டுவிட்டேன். கழற்றியிருந்தால் எந்தப் பக்கமாகத் திருப்பிச் செருகியிருப்பேன் என்று ஆறு நாளாக யோசிக்கிறேன்.

நீ தரையில் உட்கார்ந்தபோதுதான் அப்பா கேட்டார், "யாரு, லைன்மேனா?" என்று. அவரே சொன்னார்: "எம் பையனும் இந்த வேலதான். ஓசூர்ல பெரிய கம்பெனி. வரமாட்டான்."

"வந்துட்டம்ப்பா" என்றாய். "ராஜப்பன்தான்."

அவர் உன்னை வெகுநேரம் பார்த்தார். உன் தலையைத் தொட்டு, நரைத்துவிட்டதே என்றார். பிறகு, "அன்னிக்கு நான் செவப்புக் காட்டியிருக்கணும்" என்றார். நீ அவர் படுக்கையில் முகத்தை வைத்துக்கொண்டாய். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பழைய டியூட்டி நினைப்பில் ஏதோ பிதற்றுகிறார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் உன் முப்பதாம் தேதிக் கடிதம் வந்தபிறகுதான் புரிந்தது.

பதில் எழுத வேண்டாம் என்றிருந்தாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் கம்பிக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை, ராஜப்பா. சாயங்காலம் விளக்கு வைக்கும் முன் நான்தான் ஊற்றுவேன். அம்மா ஊற்றுவாள் என்று நீ ஏன் எழுதினாய் என்று தெரியவில்லை, மறந்திருப்பாய். அன்று எனக்கு மறுவாரம் பரீட்சை. புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், இன்றைக்கு நீயே ஊற்றிவிடு, இன்னும் இரண்டு பக்கம்தான் இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். வெளிச்சம் ஒரு முறை குறைந்து கூடியது. நான் படித்துக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் கம்பி அடித்தது யார் என்றுதான் கேட்டார்கள். தண்ணீர் ஊற்ற வேண்டியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நீ பெட்டியோடு கிளம்பிய அன்றுகூடச் சொல்லவில்லை. பிறகு வருடத்துக்கு இரண்டு முறை ஓசூருக்கு வந்து, உன் வீட்டில் சாப்பிட்டு, சொல்லாமலே திரும்பினேன். நீ வராததற்குக் காரணம் கேட்காமல் இருந்தது என் நல்ல குணம் என்று நீ நினைத்திருக்கலாம். கேட்டால் நான் இதைச் சொல்ல வேண்டிவரும், அதுதான்.

இனி நீ என்ன நினைத்தாலும் சரி. அப்பா நேற்றும் இன்றும் வாசலைப் பார்த்தபடி இருக்கிறார். அதை எழுதத்தான் ஆரம்பித்தேன்.

அக்கா
ஜெயமணி

*

ஓசூர்
17-10-1988

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். நீ தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா என்று சாந்தம்மா கேட்கச் சொல்கிறாள்.

அம்மா ஊற்றுவாள் என்று நான் எழுதியது மறதியால் இல்லை.

அன்று பின்பக்கம் கொடியில் என் சட்டையை உலர்த்திக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. ரெண்டு பக்கம்தான் இருக்குது என்று நீ சொன்னது எனக்குக் கேட்டது. குடம் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அம்மா வந்து எடுக்கும்வரை நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். நான் உலர்த்துகிறேன், நீ படிக்கிறாய், அம்மா ஊற்றுகிறாள் என்று ஒரு சாதாரணச் சாயங்காலமாக இருந்தது. சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு முன்வாசலுக்குப் போய்விட்டேன்.

காரியத்துக்கு வந்தவர்கள் கேள்வி கேட்கக் கேட்க, பேச்சு உன் பக்கம் திரும்பிவிடுமோ என்று எனக்குப் பயம். உனக்குப் பரீட்சை இருந்தது. கல்யாணப் பேச்சும் இருந்தது. கம்பியை அடித்தவன் வீட்டைவிட்டே போய்விட்டால் அதற்கப்புறம் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அப்படித்தான் ஆயிற்று. ஆனால் நீ பரீட்சைக்கும் போகவில்லை, அடுத்த வருடம்தான் எழுதினாய். கல்யாணமும் வேண்டாம் என்றாய். அது ஏன் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. எனக்குத் தெரியாது என்று நீ நினைத்ததைத் தெரிந்துவைத்துக்கொண்டு நான் ஓசூரில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் வருடத்துக்கு இரண்டு முறை எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். நான் ஒரு முறை வாயைத் திறந்திருக்கலாம்.

அந்த விளக்கில் நீ மட்டும் படிக்கவில்லை. நானும் படித்தேன், அப்பா சவரம் செய்தார், அம்மா கல் பொறுக்கினாள். இதை உனக்கு எழுதும்போதுதான் எனக்கே இப்படிச் சொல்ல வருகிறது.

ஒரு நல்ல டிரான்ஸ்பார்மர் நானே சுற்றியிருக்கிறேன். இரண்டு தனிச் சுருள், நடுவே தடித்த காகிதம், ஒன்றை ஒன்று தொடாது. ஃபியூஸ் இருக்கிறது, மூன்று முள் பிளக், அதைத் திருப்பிச் செருகவும் முடியாது. பெட்டியைச் சமையலறைச் சுவரில் உயரத்தில் அடித்துவிட்டு, கட்டிலுக்கு எட்டு வோல்ட் வயரை மட்டும் கொண்டுவருவேன். நீ உன் லேப் மீட்டரை வைத்து, இந்தத் தடவை தரைக்கும் சேர்த்து அளந்து பார். நீ சரி என்று சொன்னபிறகுதான் அப்பா கையில் கொடுப்போம். அந்த வீட்டுக்குள் என் கையால் ஒரு வயர் வருகிறது என்று எழுதும்போது பேனா இரண்டு தடவை நின்றது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

கம்பெனியில் ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலை நானும் சாந்தம்மாவும் பிள்ளைகளும் புறப்படுகிறோம். கிருஷ்ணகிரியில் பஸ் மாற நேரமாகும், எங்களுக்காகச் சாப்பிடாமல் காத்திருக்காதே. எனக்கு அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாய் போடு, போதும். நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உன் தம்பி
ராஜப்பன்